ஆள்-மாதம் என்னும் மாயை

ப்ராஜெக்ட் தாமதமாகிறது. மேனேஜர் என்ன செய்வார்? 'இன்னும் பத்துப் பேரைப் போடு' என்பார். போட்டால் இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே ஃப்ரெட் ப்ரூக்ஸ் எழுதிவிட்டார். புத்தகம் 'தி மித்திக்கல் மேன்-மன்த்'. உங்கள் வீட்டு ஐ.டி. ஆசாமி பேரைக் கேள்விப்பட்டிருப்பார். படித்தாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

ப்ரூக்ஸுடையது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1960-களில் ஐ.பி.எம்.மின் சிஸ்டம்/360-க்கு ஆபரேட்டிங் சிஸ்டம் தயாரித்ததை மேய்த்தவர். உச்சத்தில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்தும் அது தாமதமாகத்தான் வந்தது. அப்போது பட்ட அடிதான் புத்தகம்.

நெல் அறுக்கப் பத்துப் பேரைக் கூடுதலாக விட்டால் சீக்கிரம் முடியும். அவர்கள் ஊர்க்கதை பேசினாலும் அரிவாள் நிற்காது. சாஃப்ட்வேரில் பேச்சே வேலை. மூன்று பேர் என்றால் மூன்று ஜோடிகள் பேசிக்கொள்ள வேண்டும். பத்துப் பேர் என்றால் 45. ஐம்பது பேர் என்றால் 1,225! போதாததற்கு, புதுசாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்க விஷயம் தெரிந்தவர் தன் வேலையைப் போட்டுவிட்டு உட்கார வேண்டும்.

ப்ரூக்ஸின் நேரக் கணக்கு இன்னும் உபயோகமானது. திட்டமிட மூன்றில் ஒரு பங்கு, கோடிங்குக்கு ஆறில் ஒரு பங்கு, மிச்சப் பாதி முழுக்க டெஸ்டிங். நம்மாட்கள் கோடிங் முடிந்ததுமே 'தொண்ணூறு பர்சென்ட் ஓவர் சார்' என்பார்கள்.

குறைகள் இல்லாமலில்லை. ஒரு சர்ஜன், சுற்றிலும் ஒன்பது உதவியாளர்கள் என்று ஒரு டீம் சொல்கிறார். அதில் இரண்டு பேர் செக்ரட்டரிகள். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பார்கள். என் நிஜமான புகார் வேறு. ப்ரூக்ஸ் சொந்தமாகச் சரக்கு தயாரிக்கிற கம்பெனிக்குள்ளிருந்து எழுதினார். தலைக்கு இத்தனை டாலர் என்று பில் போடும் கான்ட்ராக்டில் ஆள்-மாதம் மாயையே இல்லை, வருமானம். பத்துப் பேரைப் போடுகிறவர் அங்கே முட்டாளும் இல்லை. நம்மூருக்கு முக்கியமான இந்த இடத்தைப் புத்தகம் தொடவே இல்லை.

வாங்குவதானால் 1995 பதிப்பை வாங்குங்கள். எல்லா விவரமும் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று முதலில் வாதாடியவர், அவரவர் பகுதியின் உள்விவகாரம் அவரவரோடு இருக்கட்டும் என்ற டேவிட் பார்னாஸ்தான் சரி, நான்தான் தப்பு என்று அதில் ஒப்புக்கொள்கிறார். அந்த 1,225-ஐக் குறைக்கிற வழியும் அங்கேதான் இருக்கிறது.