பெருக்கிய தெருவைப் பெருக்கியவர்கள்

திங்கட்கிழமையானால் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வாசலில் சனம் நிற்கும். குறைதீர்வு நாள். மனைப்பட்டா, முதியோர் பென்ஷன், சாதிச் சான்றிதழ், சுடுகாட்டுப் பாதை என்று ஆளுக்கொரு மனு. மனுவைப் பார்ப்பதற்கு முன்னால் போலீஸ்காரர்கள் பையைப் பார்ப்பார்கள், உள்ளே மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று. மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர்கள் தமிழ்நாடு முழுக்கக் கலெக்டர் ஆபீஸ்களின் முன்னால் தீக்குளிக்கப் போனதால் வந்த சோதனை இது. அதே வாசலில் வேறு சில நாட்களில் இன்னொரு கூட்டம் நிற்கும். வெள்ளைத் தொப்பி, பேனர், கோஷ அட்டை. கல்லூரிப் பிள்ளைகளின் விழிப்புணர்வுப் பேரணி. அதிகாரி கொடியசைப்பார், போட்டோ எடுப்பார்கள். அவர்கள் பையை யாரும் சோதிப்பதில்லை.

இந்த இரண்டு கூட்டத்தையும் சேர்த்து யோசிக்க வைத்தது ஒரு மலர். நாட்டு நலப்பணித் திட்டத்தில் விருது வாங்கிய மாணவர்களையும் பேராசிரியர்களையும் பாராட்டி நம் பக்கத்துக் கல்லூரி ஒன்று போட்ட மலர். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஆளை மட்டும் மாற்றி எந்தக் கல்லூரிக்கும் இதையே அச்சடிக்கலாம். விமர்சனம் எழுதித் தாருங்கள் என்று கொடுத்த தோழர் பாதி விளையாட்டாகத்தான் கொடுத்தார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இலக்கியப் பத்திரிகையில் முகாம் அறிக்கைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சிறுகதை, நாவல் மாதிரி சேவை அறிக்கையும் ஓர் எழுத்து வகைதான். அதற்கு நாயகன் உண்டு, களம் உண்டு, நிறைவு விழா என்ற உச்சக்கட்டமும் உண்டு. களம் பெரும்பாலும் நம் தெரு. நாயகன் மட்டும் நாமில்லை. ஊர்க்காரர்களின் கதைகளில் நாம் எப்படி வருகிறோம் என்று முப்பது வருஷத்துக்கு மேலாக எழுதித் தீர்த்துவிட்டோம். ஏழைகளுக்கு ஊழியம் என்று கன்னியர் மடத்துக்குப் போன தலித் பெண், அங்கே ஊழியம் யாருக்கு நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வெளியே வந்ததை 1992இல் பாமாவின் ‘கருக்கு’ சொல்லிவிட்டது. இந்த அறிக்கைகளை மட்டும் யாரும் பிரதியாக எடுத்து வாசிக்கவில்லை.

வாசித்தால் முதலில் கண்ணில் படுவது வினைச்சொல். தெருக்கள் தூய்மை செய்யப்பட்டன, மரக்கன்றுகள் நடப்பட்டன, விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது. எல்லாமே ‘பட்டது’. தெருவுக்கு ஆள் இல்லை, குடியிருக்கிறவர்களுக்குப் பெயர் இல்லை, ‘பயனாளிகள்’ என்று மொத்தமாக ஒரு சொல். எல்லாவற்றுக்கும் மேலே ‘கிராமம் தத்தெடுக்கப்பட்டது’. 2014இல் உன்னத் பாரத் அபியான் வந்த பிறகு ஒவ்வொரு நிறுவனமும் ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. எங்களுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள், சாமி. தத்தெடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சரி, தத்தே எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். தத்துப்பிள்ளைக்குச் சொத்தில் பங்கு உண்டு. தத்தெடுத்த கிராமத்துக்கு அந்தக் கல்லூரியில் எத்தனை சீட்டு?

திட்டத்தின் குறிக்கோள் வாசகம் ‘நான் அல்ல, நீ’. மலரின் முதல் பக்கத்திலேயே, கோனார்க் சக்கரத்துக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். ‘நான்’ என்று நிமிர்ந்து சொல்லிப் பழகியவனுக்கு அதை விட்டுக்கொடுப்பது தியாகமாக இருக்கலாம். ‘நான்’ என்று சொல்ல வாய் திறந்ததற்கே அடி வாங்கிய சாதியிலிருந்து வந்த மாணவன் எதை விட்டுக்கொடுப்பான்? முகாம் பந்தலில் அவன் ‘நான்’ பக்கமா, ‘நீ’ பக்கமா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை.

தொண்ணூறுகளில் நான் கல்லூரியில் படித்தபோது நானும் நாட்டு நலப்பணித் திட்டத் தொண்டன். முதல் வருஷ முகாமுக்குத் தேர்வான இடம் எங்கள் சேரி. அப்போது பத்து நாள் முகாம். தங்கல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், சமையல் ஊருக்குள், வேலை மட்டும் சேரியில். எங்கம்மா தோல் ஷாப்பில் உப்புத் தோல் உதறுகிறவள். முகாம் தொடங்கிய அன்று விடிகாலை நாலு மணிக்கே எழுந்து, தெருப் பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவை முனைக்கு முனை பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டாள். இன்னாத்துக்கும்மா, அவங்கதான் பெருக்க வர்றாங்களே என்றேன். “போடா. வர்ற புள்ளைங்க நம்மள அசிங்கமா நெனச்சிக்கினு போவக் கூடாதில்ல நைனா” என்றாள். ஒன்பது மணிக்கு நாங்கள் வந்தோம். பெருக்கிய தெருவைப் பெருக்கினோம். போட்டோகிராபர் வந்ததும் மறுபடி ஒரு தரம் பெருக்கினோம். என் கையிலும் துடைப்பம். எங்கம்மா வேலைக்குப் போகிற அவசரத்தில் தூக்குச்சட்டியோடு அதைத் தாண்டிப் போனாள். என்னைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த முகாமுக்கு எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள், இப்போதும் வைத்திருக்கிறேன். பின்னால் ஒரு அட்மிஷனுக்கு உதவியது என்பதையும் மறைக்கவில்லை. ஊர்ப் பிள்ளை ஒருத்தன் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கூழ் குடித்ததும் அந்த முகாமில்தான்.

2018இல் மத்திய அரசு கோடைக்காலத் தூய்மைப் பயிற்சி என்று ஒன்று கொண்டுவந்தது. மாணவர்கள் 100 மணி நேரம் தூய்மைப் பணி செய்தால் சான்றிதழ். பல்கலைக்கழகம் விரும்பினால் படிப்பில் 2 கிரெடிட். நன்றாகச் செய்தவர்களுக்குக் கல்லூரி அளவிலிருந்து தேசிய அளவு வரை பரிசு. எட்டு மணி நேரக் கணக்கில் 100 மணி நேரம் என்பது பன்னிரண்டரை நாள். மாநகராட்சிக் குப்பை வண்டி தள்ளுகிற ஒப்பந்தத் தொழிலாளி ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவை அதைத் தாண்டிவிடுகிறார். அவருக்கு அது சேவையும் இல்லை, கிரெடிட்டும் இல்லை. பிறப்பால் வந்த வேலை, அவ்வளவுதான். செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாதவன் செய்தால்தான் அது தொண்டு. தலைமுறை தலைமுறையாகச் செய்யாமல் தப்பித்தவனுக்குத்தான் அதற்கு விருது வாங்கத் தகுதி இருக்கிறது. மாணவர்கள் துடைப்பம் எடுப்பதை நான் கேலி செய்யவில்லை, எடுக்கட்டும். தன் தெருவில், தன் ஹாஸ்டல் கக்கூசில் தொடங்கட்டும்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. வெள்ளிவிழாவை ஒட்டி 1993-94இல் இந்திரா காந்தி பெயரில் தேசிய விருதுகள் வந்தன. ஒவ்வொரு செப்டம்பர் 24ஐயும் திட்ட நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1932இல் அதே செப்டம்பர் 24 அன்றுதான் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தேதி பொருந்தியது தற்செயலாகவே இருக்கட்டும். ஒப்பந்தம் முடிந்த கையோடு ‘தீண்டாதாருக்குச் சேவை’ என்று ஒரு அமைப்பு எழுந்தது, பிற்பாடு ஹரிஜன சேவா சங்கம் என்று பெயர் மாறியது. மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர், நவம்பர் 14 அன்று அந்த அமைப்பின் செயலாளர் தக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். பொதுச்சேவை பற்றி இந்த நாட்டில் எழுதப்பட்ட முதல் தரமான விமர்சனம் என்று நான் அதைத்தான் சொல்வேன்.

அதில் அவர் இரண்டு வழிகளைப் பிரிக்கிறார். ஒன்று, ஒடுக்கப்பட்டவன் தனிமனிதனாகக் கெட்டுப்போயிருக்கிறான் என்று நினைத்து அவனைத் திருத்துவது: மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம், இப்படி. இன்னொன்று, அவனைச் சுற்றியிருக்கும் சமூகம்தான் அவனை அமுக்குகிறது என்று கண்டு அதை மாற்றுவது. இரண்டாவதைத்தான் முதலில் செய்யுங்கள் என்கிறார். கிணற்றில் தண்ணீர் எடுக்க, பள்ளிக்கூடத்தில் நுழைய, ஊர்ச் சாவடியில் உட்கார, பொது வண்டியில் ஏற உள்ள குடியுரிமைகளுக்காக இயக்கம் நடத்தச் சொல்கிறார். அடிதடி வரும், வழக்கு வரும், தெரிந்தே இறங்குங்கள் என்றும் எழுதுகிறார். வேலை செய்கிறவர்களை எங்களிலிருந்தே எடுங்கள் என்பதும் அதில் உண்டு. நம் மலரில் இருக்கும் முகாம்களை இந்தக் கடிதத்தை வைத்து அளந்தால் எல்லாமே முதல் வகை. பல் விளக்குவது எப்படி, கை கழுவுவது எப்படி. கழுவத் தண்ணீர் எங்கே என்கிற கேள்வி கிடையாது.

இரண்டாம் வகை முகாம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த வருஷம் எங்களுக்குப் புதிதாக ஒரு விரிவுரையாளர் திட்ட அலுவலராக வந்தார். அதிகம் பேசமாட்டார். முகாமின் முதல் நாளே துடைப்பங்களை மூலையில் சாத்திவிட்டு, ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். வீடு வீடாகப் போய் என்ன வேண்டும் என்று கேளுங்கள், அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள் என்றார். யாரும் தூய்மை கேட்கவில்லை. குடியிருக்கிற மனைக்குப் பட்டா கேட்டார்கள். பிணம் எடுத்துக்கொண்டு போகப் பாதை கேட்டார்கள். ஊர்க்காரர் ஒருவரின் நிலத்து வரப்பு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது, பயிர் நிற்கும்போது விடமாட்டார்கள். பத்து நாளும் மனு எழுதினோம். மனுவின் முதல் சொல் ‘நாங்கள்’. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குக் கைநாட்டு. கடைசி நாள் சனத்தையும் மாணவர்களையும் அழைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடந்தோம். கொடியசைக்க யாரும் வரவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் கல்லூரிக்குப் போனார்கள். பிள்ளைகளைத் தூண்டிவிடுகிறார் என்று புகார். அவரிடமிருந்து திட்டப் பொறுப்பைப் பறித்தார்கள். அடுத்த வருஷம் முகாமுக்கு வேறு ஊர், மரம் நட்டார்கள். அந்த வருஷ அறிக்கையில் எங்கள் முகாமுக்கு இரண்டு வரி: கிராம மக்களின் குறைகள் கேட்டறியப்பட்டன. மறுபடியும் ‘பட்டன’.

சுடுகாட்டுப் பாதை பழைய கதை என்று நினைப்பவர்களுக்கு: 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம், நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் பிணத்தைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். வீடியோ வெளியானதும் சென்னை உயர்நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. நம் பகுதியில் எத்தனை கல்லூரிகள்! எத்தனை தத்துக் கிராமங்கள்!

பாலாற்றின் கதையும் அப்படித்தான். மலரில் ‘பாலாற்றைக் காப்போம்’ பேரணிக்கு இரண்டு பக்கப் படம் இருக்கிறது. ஆற்றிலிருந்து பிளாஸ்டிக் பொறுக்குகிறார்கள். தோல் கழிவு என்ற சொல் மலர் முழுவதும் இல்லை. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதை எடுத்தது வேலூரில் இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம். பல்கலைக்கழகக்காரன் ஊருக்குச் செய்யக்கூடிய வேலை என்றால் அது. பேனர் பிடித்து எடுத்த கணக்கில்லை. ஆலைகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். விழிப்புணர்வு மலரில் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது.

பேராசிரியர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. தேசிய தர மதிப்பீட்டுக்காரர்கள், விரிவாக்கப் பணிக்கு அரசிடமிருந்தும் அரசு அங்கீகரித்த அமைப்புகளிடமிருந்தும் எத்தனை விருது வாங்கினாய் என்று எண்ணிக்கை கேட்கிறார்கள், மதிப்பெண் போடுகிறார்கள். சான்றிதழும் இடம் தேதி பதிந்த படமும் ஆதாரமாக வேண்டும். தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்த மனுவுக்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண்? பட்டா கேட்டுப் போனவருக்குப் பொறுப்புப் போனது, மரம் நட்டவருக்குப் பதக்கம். எது செலவாணியோ அதைத்தான் செய்வார்கள்.

கல்லூரிகள் கொடுக்கும் அங்கீகாரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் நடத்திய மாணவர்கள் செய்தது கூட்டம் போட்டு விவாதித்ததும் துண்டறிக்கை கொடுத்ததும்தான். 2015 மே மாதம், பெயர் போடாத ஒரு புகாரைத் தொடர்ந்து, அவர்களின் அங்கீகாரத்தை நீக்கினார்கள். நாடே பேசிய பிறகு ஜூன் 7 அன்று திருப்பிக் கொடுத்தார்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்துத் தோழர்கள் ஐந்து பேரை ஹாஸ்டலை விட்டு வெளியேற்றினார்கள். அவர்கள் வளாகத்துக்குள்ளேயே ஒரு கூடாரம் போட்டு அதற்கு ‘வெலிவாடா’, அதாவது ஊருக்கு வெளியே இருக்கும் சேரி, என்று பெயர் வைத்தார்கள். அவர்களில் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரை விட்டார். பொது வாழ்க்கையில் ஈடுபட்ட மாணவர்கள் என்று இவர்களைத்தான் சொல்ல வேண்டும். எந்தப் பரிந்துரைப் படிவத்திலும் இவர்கள் பெயர் ஏறாது.

திண்டிவனம் அரசுக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி, 1993இல் அத்தியூர் விஜயா என்ற இருளர் பெண்ணுக்குப் போலீஸ்காரர்கள் செய்த கொடுமையை வழக்காக்கி, விடாமல் அலைந்தார். இருளர்களுக்குச் சங்கம் வந்தது அந்த அலைச்சலிலிருந்துதான். எங்கள் விரிவுரையாளரும் அந்த வகை ஆள்தான். அவர் ஓய்வு பெற்ற அன்று சேரியிலிருந்து நாங்கள் நாற்பது பேர் வேன் பிடித்துப் போனோம். கல்லூரியில் மாலை போட்டு அனுப்பிவிட்டிருந்தார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “பாதை இன்னாச்சு?”

பட்டா வந்துவிட்டது சார், எண்பது குடும்பத்துக்கு. பாதை வரவில்லை. போன மாதம் ஒரு திங்கட்கிழமை மறுபடி மனு கொடுத்தோம். இந்தத் தடவை எழுதியது என் அண்ணன் மகள், இரண்டாம் வருஷம் பி.ஏ. படிக்கிறாள். வாசலில் அவள் பையையும் திறந்து பார்த்தார்கள்.