வசனமா, வாய்தாவா?

நீதிமன்றக் கதை என்றாலே தமிழ்ப் பார்வையாளர் வசனத்தைத்தான் முதலில் எடைபோடுவார். 1952-இல் 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சி ஏற்படுத்திய பழக்கம் இது. 1984-இல் 'விதி' வந்தபோது ஆரூர்தாஸின் வசனம் ஒலிநாடாவாகி டீக்கடைகளில் பாட்டுக்குப் பதிலாக ஒலித்தது. சுஜாதாவும் ஜெய்சங்கரும் வக்கீல்களாக மோதிய காட்சியைப் படம் பார்க்காதவர்களும் ஒப்பித்தார்கள்.

பிரிட்டிஷ் தொடர்கள் வேறு பாதையில் வளர்ந்தவை. 1972-இல் தொடங்கிய 'கிரௌன் கோர்ட்' தொடரில் வாக்காளர் பட்டியலில் உள்ள சாதாரண மக்களே ஜூரிகளாக உட்கார்ந்தார்கள். கதையின் முடிவு அவர்கள் கையில் இருந்தது. 'ரம்போல்' கதைகளை எழுதிய ஜான் மார்ட்டிமரும், 'கிரிமினல் ஜஸ்டிஸ்', 'சில்க்' தொடர்களை எழுதிய பீட்டர் மொஃபாட்டும் பாரிஸ்டர் தொழில் செய்தவர்கள்.

2008-இல் வந்த 'கிரிமினல் ஜஸ்டிஸ்' 2019-இல் இந்தியில் மறுபிறவி எடுத்தது. மூலத்தின் இரண்டாம் பருவத்தில் குற்றம் சாட்டப்பட்டவரும் வக்கீலும் புதியவர்கள். இந்தியிலோ பங்கஜ் திரிபாதி நடித்த மாதவ் மிஸ்ரா என்ற சில்லறை வக்கீல் ஒவ்வொரு பருவத்திலும் திரும்பி வருகிறார். ரசிகர்கள் வழக்கை மறந்து வக்கீலைப் பிடித்துக்கொண்டார்கள். நமக்கு வக்கீல் கதாநாயகனாக இருந்தாக வேண்டும்.

2021 நவம்பரில் வந்த 'ஜெய் பீம்' அந்தப் பழக்கத்தோடே இன்னொன்றையும் கொண்டுவந்தது. ஆட்கொணர்வு மனு என்ற சொல் வீட்டுப் பேச்சில் புகுந்தது. ஆனால் படத்தைப் பற்றிய கருத்துகள் ஒன்றுபோல இல்லை. படத்துக்கு அடிப்படையாக அமைந்த, 1993-இல் நடந்த உண்மைச் சம்பவத்தில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர்கள். படம் அவர்களை இருளர்களாகக் காட்டியது ஏன் என்று சிலர் கேட்டார்கள். ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய நாள்காட்டி வன்னியர்களைக் குறிக்கிறது என்று எதிர்ப்பு எழ, காட்சி திருத்தப்பட்டது. இருளரும் வன்னியரும் அருகருகே வாழும் திருவண்ணாமலை மாவட்டத்தில் இந்த விவாதம் சினிமாப் பேச்சோடு முடிகிற விஷயம் இல்லை.

நீதிமன்ற வளாகத்தைத் தெரிந்தவர்களின் குறை வேறு. திரையில் நீதிபதி சுத்தியால் தட்டுகிறார். நம் நீதிமன்றங்களில் சுத்தி கிடையாது, இங்கிலாந்திலும் கிடையாது. சாட்சி கீதையின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறார். 1969-ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டப்படி வாயால் சொன்னால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் வாய்தா இல்லை. வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டு குமாஸ்தா ஓடுவதும், டவாலி பெயர் கூப்பிடும்வரை கட்சிக்காரர் மரத்தடியில் காத்திருப்பதும், அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு பஸ் பிடிப்பதும் இல்லை.

இப்படிப்பட்ட கதைக்குத் திருவண்ணாமலையில் பஞ்சம் இல்லை. ரமணாசிரமத்தின் நிர்வாக உரிமையைக் கோரி பெருமாள் சுவாமி என்பவர் வழக்குத் தொடுத்தார். ரமணரை நீதிமன்றத்துக்கு வரவழைக்காமல், 1936 நவம்பரில் கமிஷன் ஒன்று அவரிடம் சாட்சியம் பதிவு செய்தது. எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டதற்கு, அதியாசிரமம் என்றார்: பிரம்மச்சரியம் முதலான நான்கு நிலைகளுக்கும் அப்பாற்பட்டது. அடுக்குமொழி இல்லை, ஓங்கிய குரல் இல்லை. கேள்வியும் பதிலும்தான், ஆனாலும் எந்த வசனகர்த்தாவும் பொறாமைப்படும் காட்சி அது.

2025-இல் ஜீ5 தளத்தில் வந்த 'சட்டமும் நீதியும்' இந்தத் திசையில் ஓரடி வைத்திருக்கிறது. அதில் சரவணன் நடித்த நாயகர், நீதிமன்ற வாசலில் நோட்டரி வேலை பார்க்கும் வக்கீல். இனி எழுதுகிறவர்கள் உயர் நீதிமன்றத்தை விட்டு மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கட்டும். கைதட்டலுக்கு வசனம் போதும். பார்க்கிறவர் தன் வழக்கைத் திரையில் அடையாளம் காண வேண்டுமானால் வாய்தாவையும் எழுதியாக வேண்டும்.