தூக்குவாளியில் வந்த அருள்

சிதம்பரம் கொத்சு எளிய பண்டம். கத்தரிக்காயை வதக்கி மசித்து, புளிக்கரைசல் விட்டு, வறுத்துப் பொடித்த மல்லியும் மிளகாயும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் தெருவே மணக்கும். சம்பா சாதத்துக்கு அதுதான் உற்ற துணை.

அதன் முழு ருசியை நான் அறிந்தது ஒரு புயலுக்குப் பிறகு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. மின்சாரம் இல்லை; சமைக்கத் தண்ணீரும் இல்லை. மூன்றாம் நாள் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, வாசலில் தூக்குவாளியோடு சிதம்பரத்து நண்பர். விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி வந்திருந்தார். “அம்மா குடுத்தனுப்பினாங்க, ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க” என்றார். நான் யாரிடமும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஆபத்தில் வரும் அருள் எங்கள் கடலூருக்குப் புதிதல்ல. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசரை அந்தக் கல்லே தெப்பமாகிக் கரைசேர்த்தது இங்குள்ள திருப்பாதிரிப்புலியூரில் என்பார்கள். கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. பின்னாளில் பஞ்சம் வந்தபோது, திருவீழிமிழலையில் அவருக்கும் சம்பந்தருக்கும் ஈசன் நாள்தோறும் பொற்காசு அளித்தார் என்கிறது பெரியபுராணம். இரு நண்பர்களும் அந்தக் காசில் அடியார்களுக்குச் சோறிட்டார்கள்.

படியளக்கிறவன் இன்றும் நண்பர்கள் கையில்தான் கொடுத்தனுப்புகிறான், பசிக்கும் நேரம் பார்த்து. உங்கள் வாசலுக்கும் அப்படியொரு தூக்குவாளி வந்திருக்கும். அதை அனுப்பிய வீட்டுக்கு இன்றே ஒரு நடை போய்வாருங்கள்.