சராசரிக்குள் வராத சிறுமிகள்

“பெண்களுக்குக் கணக்கு வராது” என்ற பேச்சுக்கு நாம் பெரும்பாலும் ஒரு பெயரைச் சொல்லித்தான் பதில் தருகிறோம். மரியம் மிர்சாகானியைப் பாருங்கள் என்போம். “அவர் விதிவிலக்கு” என்று எதிரில் இருப்பவர் முடித்துவிடுவார். பெயருக்குப் பெயர் வைத்து வாதாடும் இந்த ஆட்டத்தையே ஆட மறுப்பதால்தான், ஜேனட் ஷிப்லி ஹைட் 2005இல் ‘அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்’ இதழில் எழுதிய பாலின ஒற்றுமை பற்றிய கட்டுரை எனக்கு முக்கியமாகப்படுகிறது.

அவருக்கு முன்பு, 1974இல் எலினார் மக்கபியும் கேரல் ஜாக்லினும் பாலின வேறுபாடு குறித்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். எத்தனை ஆய்வுகள் வேறுபாட்டைக் கண்டன, எத்தனை காணவில்லை என்று எண்ணினார்கள். பல கட்டுக்கதைகள் அப்போதே உடைந்தன. ஆனால் இப்படி எண்ணும்போது 30 பேரிடம் நடத்திய ஆய்வுக்கும் 3,000 பேரிடம் நடத்திய ஆய்வுக்கும் ஒரே ஓட்டுதான். 1976இல் ஜீன் கிளாஸ் ‘மெட்டா அனாலிசிஸ்’ என்று பெயரிட்ட முறை இதைச் சரிசெய்தது. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, பெரிய ஆய்வுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சேர்க்கிறார்கள். அதோடு கேள்வியும் மாறுகிறது. ‘வேறுபாடு உண்டா?’ என்பது போய், ‘எவ்வளவு?’ என்பது வருகிறது. பெண்ணியத்துக்கு இந்த ‘எவ்வளவு’ பெரிய ஆயுதம்.

ஹைட் 46 மெட்டா பகுப்பாய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். அவற்றில் இருந்த பாலின வேறுபாடுகளில் 78 விழுக்காடு சிறியவை, அல்லது பூஜ்ஜியத்தை ஒட்டியவை. பந்தெறியும் வேகம், பாலியல் சார்ந்த சில நடத்தைகள், உடல்ரீதியான ஆக்ரோஷம் ஆகியவற்றில் வேறுபாடு குறிப்பிடத்தக்கது என்பதையும் அவர் மறைக்கவில்லை. தனக்கு வசதியில்லாத எண்களையும் பட்டியலில் வைத்திருப்பதால் அவரை நம்ப முடிகிறது. அறிவியலின் உயர்பதவிகளில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு உள்ளார்ந்த திறன் வேறுபாடும் காரணமாகலாம் என்று ஹார்வர்டு தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் பேசியதும் அதே 2005இல்தான். 2008இல் ஹைட்டும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் 10 மாநிலங்களில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கணக்குத் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்தபோது, சராசரியில் இடைவெளி ஏறக்குறைய இல்லை.

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மெட்டா பகுப்பாய்வு தன்னிடம் வந்துசேர்ந்ததை மட்டுமே கூட்டும். வேறுபாடு கண்ட ஆய்வு அச்சேறுகிறது. காணாதது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. வந்துசேராத மனிதர்களும் அப்படித்தான். 2010இல் ஹைட்டும் உடன் பங்கேற்ற மற்றொரு ஆய்வு, 69 நாடுகளில் 14 முதல் 16 வயதுள்ள 4,93,495 மாணவர்களின் கணக்குத் திறனை ஒப்பிட்டது. சில நாடுகளில் பையன்கள் முந்தினார்கள், சிலவற்றில் பெண்கள் முந்தினார்கள். பள்ளிச் சேர்க்கையில் சமத்துவம், ஆராய்ச்சிப் பணிகளில் பெண்களின் பங்கு, நாடாளுமன்றத்தில் பெண்களின் இடம் ஆகியவற்றோடு அந்த இடைவெளி பிணைந்திருந்தது. இடத்துக்கு இடம் திசையே மாறும் ஒன்றை இயற்கை விதித்தது என்று எப்படிச் சொல்வது?

அருமையான முடிவுதான். ஆனால் தேர்வை எழுதியவர்கள் பள்ளியில் இருந்தவர்கள். பெரியவளானதும் நிறுத்தப்பட்டவள், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தவள், வேலைக்கு அனுப்பப்பட்டவள் ஆகியோருக்கு அந்தச் சராசரியில் இடமில்லை. ‘ஆண்’, ‘பெண்’ என்ற இரண்டே கட்டங்களில் சாதியும் வர்க்கமும் கரைந்துவிடுகின்றன. சமத்துவத்தை நிரூபிக்கும் எண்ணே விடுபட்டவளை மறைக்கவும் கூடும்.

ஆகவே, ‘பெண் மூளை இப்படித்தான் என்கிறது ஆய்வு’ என்ற செய்தியைப் படிக்கும் மாணவியர் நான்கு கேள்விகளைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். இது ஒரே ஆய்வா, பல ஆய்வுகளின் தொகுப்பா? வேறுபாடு எவ்வளவு? எங்கே, எப்போது அது மாறுகிறது? யார் எண்ணப்படவில்லை? முதல் மூன்றையும் கேட்க ஹைட்டின் கட்டுரை கற்றுத்தருகிறது. நான்காவதை நாம்தான் கேட்டாக வேண்டும்.