பெயர் சொல்லாத கதை

வியாதியைப் பற்றி எழுதப் புகும் கதாசிரியனுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று கண்ணீர், மற்றொன்று உபதேசம். எய்ட்ஸைப் பற்றி எழுதியவர்களில் அநேகர் இரண்டில் ஒன்றில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். இரண்டிலும் விழாத கதை ஒன்றை நான் படித்திருக்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஸூஸன் ஸொன்டாக் 1986 நவம்பரில் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் எழுதியது. 'இப்போது நாம் வாழும் விதம்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

கதை என்று எடுத்துச் சொல்ல அதிகம் இல்லை. நியூயார்க்கில் ஒருவன் நோயில் விழுகிறான். சிநேகிதர்கள் அவனைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒருவராக 26 பேர். இவர் சொன்னதாக அவர் சொன்னார் என்று வாக்கியங்கள் நீண்டுகொண்டே போகின்றன. யார் என்ன வாங்கிப் போனார்கள், யாரைக் கண்டால் அவனுக்குச் சந்தோஷம் என்று அன்போடு கொஞ்சம் பொறாமையும் கலந்த பேச்சு. நம் ஊர் ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களிலும் இதே பேச்சைக் கேட்கலாம்.

இத்தனை பேருக்கும் பெயர் இருக்கிறது, நோயாளிக்கு இல்லை. நோய்க்கும் இல்லை. எய்ட்ஸ் என்ற சொல் கதையில் ஓரிடத்திலும் வராது. ஊரே மூடி மறைக்கும் சொல்லை எழுத்தாளரும் மறைக்கலாமா என்று கேட்கத் தோன்றும்.

மறைத்ததில்தான் கதையின் பலம் இருக்கிறது என்பது என் கட்சி. நோயாளி தன் நோயின் பெயரைச் சாதாரணச் சொல்லைப் போலச் சொல்கிறானாம். அது நல்ல அறிகுறி என்கிறார்கள் சிநேகிதர்கள். அவன் வாயில் எளிதாக வரும் சொல் அச்சில் வரவில்லை. படிக்கிற நாம்தான் அதை இட்டு நிரப்ப வேண்டும். நிரப்பும்போது நம் நாக்கும் சற்றுத் தயங்குகிறது. வெட்கம் குடியிருக்கும் இடம் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. நோயாளி நாட்குறிப்பு எழுதுகிறான். அது நமக்காகத் திறக்கப்படவே இல்லை. கேட்பதெல்லாம் பார்க்க வந்தவர்களின் குரல். அன்பினாலும் ஒருவனைப் பேசவிடாமல் செய்துவிடலாம்.

இந்தக் கதை வெளிவந்த அதே 1986-ல்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது, அதுவும் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்தத்தைச் சோதிக்க ஏற்பாடு செய்தார்கள். ஆறு பேருக்குக் கிருமி இருந்தது. அந்த ஆறு பேரின் பெயர் நமக்கு வேண்டியதில்லை. அவர்களுக்குச் சிநேகிதர்கள் இருந்தார்களா, யாராவது பார்க்கப் போனார்களா என்று சொல்லும் கதை எதையும் நான் படித்ததில்லை.

தன் பெயரை வெளியிடாமலிருப்பது நோயாளியின் உரிமை. 2017-ம் ஆண்டுச் சட்டமும் அவர் சம்மதமின்றி விஷயத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. நோயின் பெயரைக் கூசாமல் சொல்வது நம் கடமை. நாமோ இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நோயை 'அந்த வியாதி' என்று விழுங்கிவிட்டு, ஆளின் பெயரைத் தெருவெல்லாம் சொல்கிறோம்.

ஸொன்டாக் எழுதியபோது இந்நோய்க்கு அங்கீகாரம் பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை. 1996 முதல் கூட்டு மருந்துகள் வந்து நிலைமை மாறிவிட்டது. நம் அரசாங்கம் 2004 முதல் இலவசமாகவே கொடுக்கிறது. தினம் மாத்திரை சாப்பிட்டுக் கிருமியை அடக்கி வைத்திருப்பவர் நெடுங்காலம் வாழலாம்; உடலுறவால் அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றாது. இன்று அவருக்குப் பெரிய கவலை சாவைப் பற்றியதல்ல. வேலை நிலைக்குமா, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரா, கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் எப்போது சொல்வது என்பவைதாம்.

இவற்றையெல்லாம் அவரேதான் எழுத வேண்டும். ஸொன்டாக் மூடியே வைத்த அந்த நாட்குறிப்பு தமிழில் கதையாக வந்தால், ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தாலும் சரி, முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.