தீர்ப்பாகும் போதை

தமிழ்ப் புனைகதையில் ஆண் குடிப்பதற்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. காதல் தோல்வி, கடன், வேலையின்மை. வாசகனும் அவனோடு சேர்ந்து துக்கப்படத் தயாராயிருக்கிறான். அதே பாட்டில் ஒரு திருநங்கையின் கையிலோ, ஆணை விரும்பும் ஆணின் கையிலோ இருந்தால் காரணம் தேவையற்றுப் போகிறது. ‘அவர்கள் அப்படித்தான்’ என்பதோடு விஷயம் முடிந்தது. ஒருவனுக்குக் குடி துக்கத்தின் அடையாளம். மற்றவருக்குப் பிறவிக் குணத்தின் சாட்சி. இது சமூகத்தின் பாரபட்சம் மட்டுமல்ல, நம் வாசிப்பின் கோளாறும்கூட.

ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) இந்தக் கோளாறுக்கு வெளியே நிற்பது. கந்தனின் குடிக்கு நாகராஜன் சமாதானம் சொல்வதில்லை. அதற்காக அவனைத் தண்டிப்பதுமில்லை. பார்க்கிறார், அவ்வளவுதான். இந்தப் பார்வை, பால் அடையாளத்தாலோ ஈர்ப்பாலோ வேறுபட்ட பதினைந்து வயதுப் பிள்ளையின் மீது இன்னும் திரும்பவில்லை.

சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ (1994) பரிவோடு எழுதப்பட்ட நாவல். ஆனால் அது வெளியிலிருந்து நீட்டிய பரிவு. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ (2007), ரேவதியின் ‘வெள்ளை மொழி’ (2011) இரண்டும் உள்ளிருந்து வந்தவை. இரண்டிலும் வீட்டில் விழுந்த அடி முதலில் வருகிறது. ஊரைவிட்டு ஓடுவது பிறகு. இந்த வரிசைதான் முக்கியம். நம் விமர்சகர்கள் ‘துணிச்சல்’ என்ற ஒரு சொல்லைத் தூக்கிப்போட்டுவிட்டு, வரிசையைப் படிக்காமல் விட்டார்கள்.

வரிசையைப் படித்தவர்கள் வேறு துறையினர். தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உள்ள வளரிளம் பருவத்தினரிடையே போதைப் பழக்கம் மற்றவர்களைவிட மிக அதிகம் என்பதை 18 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் மார்ஷலும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். 2009இல் கெய்ட்லின் ரயனின் குழு, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து இளைஞர்களிடம், வளரும் பருவத்தில் வீடு அவர்களை எப்படி நடத்தியது என்று கேட்டது. குடும்பத்தால் கடுமையாக மறுக்கப்பட்டவர்கள் சட்டவிரோதப் போதைப்பொருளை நாடும் வாய்ப்பு 3.4 மடங்கு அதிகமாயிருந்தது. அந்நிய நாட்டுக் கணக்குதான். ஆனால் அதன் தர்க்கம் இங்கும் செல்லும். இயல்புதான் காரணமென்றால், ஏற்ற வீட்டுப் பிள்ளையும் மறுத்த வீட்டுப் பிள்ளையும் ஒரே அளவில் போதைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

நான் இருக்கும் ஆரணியில் பட்டு நெய்கிற குடும்பங்களுக்குத் தறிதான் வீடு. தறிக்குழிக்கும் அடுப்புக்கும் நடுவே பாய் விரிக்கும் இடமே மிச்சம். பிள்ளையின் நடையை, குரலை அப்பா, சித்தப்பா, பாட்டி எல்லோரும் பார்க்கிறார்கள். ஒளிய மூலையில்லை. தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளச் சொல்லுமில்லை. ‘ஒன்பது’ என்ற வசவு மட்டும் உண்டு. இப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் போதைக்குப் போவதில்லை. போகிற பிள்ளைக்குக் கூல் லிப் பொட்டலமும் பஞ்சர் ஒட்டும் சொலூஷனும் எட்டாத தொலைவில் இல்லை. எய்ம்ஸின் 2019ஆம் ஆண்டு அறிக்கைப்படி, முகரும் போதை பெரியவர்களிடம் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதினரிடம் 1.17 சதவீதம். எந்தப் பிள்ளை எதை மறக்க முகர்ந்தது என்பது சதவீதத்தில் வராது. அது இலக்கியத்தின் பொறுப்பு.

சட்டம் தன் பங்குக்குச் செய்திருக்கிறது. சிறாருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் ஏழாண்டு வரை சிறை. ‘மாற்றிவிடுகிறேன்’ என்று செய்யும் சிகிச்சைகளை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்துத் தடுத்தது. 2022இல் தமிழக அரசு கண்ணியமான கலைச்சொற்களின் பட்டியலை வெளியிட்டது. சொற்கள் அரசிதழில் இருக்கின்றன. வீட்டுக்குள் வசவு இருக்கிறது. இடைப்பட்ட தூரத்தைக் கடக்க வேண்டியது எழுத்து.

நாவலாசிரியன் அந்தப் பிள்ளையைத் திருத்த வேண்டாம், காப்பாற்றவும் வேண்டாம். பொட்டலம் கைக்கு வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் என்ன பேசப்பட்டது, என்ன பேசப்படவில்லை என்பதை எழுதினால் போதும். விமர்சகன் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.