பிறந்த ஆண்டின் புத்தகங்கள்: 1968ஐ வாசித்தல்

தான் பிறந்த ஆண்டில் ஊர் எதை விரும்பிப் படித்தது என்று தேடிப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஏக்கம்தான். பழைய அட்டை, பழைய ஓவியம், ‘அந்தக் காலத்துல என்னமா எழுதினாங்க’ என்கிற பெருமூச்சு. அந்தப் பெருமூச்சுக்கு வெளியே நின்று, நான் பிறந்த 1968ஐ வாசிக்க முடியுமா?

அந்த ஆண்டுகளின் வெகுசன வாசிப்பு தொடர்கதைகளின் வழியே நடந்தது. வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்தெடுத்து, படங்களோடு பைண்டு செய்து, வீடு வீடாகக் கைமாறிய பிரதிகள் அவை. குமுதத்தில் தொடராக வந்த சாண்டில்யனின் ‘கடல் புறா’, அதே இதழில் 1968இல் வந்த சுஜாதாவின் ‘நைலான் கயிறு’, 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசை அகிலனுக்குப் பெற்றுத் தந்த ‘சித்திரப்பாவை’ ஆகியவை மூன்றும் மூன்று தினுசு. சும்மா சொல்லக்கூடாது, வாசகரைப் பிடித்து நிறுத்தும் தொழில்திறன் மூன்றிலும் உண்டு. சிறுபத்திரிகை விமர்சனம் இவற்றை ‘வணிக எழுத்து’ என்று மூட்டை கட்டி மூலையில் போட்டது. தரத்தை அளந்தது, இவை என்ன வேலை செய்தன என்று அதிகம் கேட்கவில்லை.

கேட்டுப் பார்ப்போம். ‘கடல் புற’வில் கடாரம் வரை போகும் வரலாற்றை நகர்த்துவது இளையபல்லவன் என்ற ஒற்றை வீரனின் தந்திரமும் காதலும். ‘சித்திரப்பாவை’யில் பலவந்தமாகப் பெற்ற முத்தத்துக்காகவே ஆனந்தி மாணிக்கத்தை மணக்கிறாள், கடைசியில் தாலியைத் துறந்து வெளியேறுகிறாள். வெகுசனக் கதைக்கு அது பெரிய உடைப்புதான். ஆனால் அந்த உடைப்பும் நல்லவன் அண்ணாமலைக்கும் கெட்டவன் மாணிக்கத்துக்கும் நடுவிலேயே நிகழ்ந்து முடிகிறது. துப்பறியும் கதையின் வடிவமோ ஒரு பிணம், பல சந்தேகங்கள், முடிவில் ஓர் ஆள் என்பது. மூன்றுக்கும் இலக்கணம் ஒன்று: எந்தச் சம்பவத்துக்கும் காரணம் ஒரு தனிமனிதனின் குணத்தில் இருக்கிறது. நிலம், கூலி, சாதி எல்லாம் பின்னணித் திரைச்சீலை.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கமாய்த் திரண்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அதே ஆண்டு ஜனவரியில்தான் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்திருந்தது. சோழக் கப்பல் கடாரம் போனது. அதே சோழ மண்ணின் கடைமடையில் அது நிற்கவில்லை.

ஆண்டின் கடைசி வாரத்தில் நடந்ததை அந்த ஆண்டின் கதைகள் ஏன் எழுதவில்லை என்று கேட்பது அபத்தம். கேட்க வேண்டியது வேறு. இந்தக் கதைகளில் பழகிய ஒரு சமூகம் வெண்மணியை எப்படி வாசித்தது?

கீழ் நீதிமன்றம் மிராசுதார்கள் சிலருக்குத் தண்டனை வழங்கியது. உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இவ்வளவு நிலம் உள்ள பணக்காரர்கள், அதிலும் கார் வைத்திருக்கும் ஒருவர், வேலையாட்கள் துணையில்லாமல் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. கவனியுங்கள் தோழர்களே, இது பாத்திரப் படைப்பு பற்றிய வாதம். ‘இந்தக் கேரக்டர் இப்படிச் செய்யுமா?’ என்று தொடர்கதை வாசகர் கேட்கிற அதே கேள்வி. 44 பிணங்கள் இருந்தும் குற்றவாளி இல்லை. துப்பறியும் கதைகூட இப்படி முடிய ஒப்பாது.

‘தீவிர’ இலக்கியம் தப்பித்ததா? வெண்மணியை மையமாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ கணையாழியில் தொடராக வந்தது. 1977இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. அதில் நிலப்பிரபுவின் வன்முறைக்கு வேராக அமைவது அவனது ஆண்மைக் குறை. இடதுசாரிகள் அப்போதே கண்டித்தார்கள். ஆனால் அதை ஒரு நாவலாசிரியரின் கோளாறு என்று மட்டும் பார்த்தால் நாமும் அதே இலக்கணத்துக்குள்தான் விழுகிறோம். பிராய்டை மேற்கோள் காட்டினாலும், அந்த நாவல் கேட்பது ‘அவன் எப்படிப்பட்டவன்?’ என்பதைத்தான். ‘அவன் நிலம் எப்படி வந்தது? அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டால் எது குலையும்?’ என்பவை இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகின்றன.

ஆக, வணிக எழுத்து/தீவிர எழுத்து என்று நாம் போட்ட கோடு இந்த இடத்தில் உதவவில்லை. வெகுசனத் தொடரும், தீர்ப்பும், பரிசு பெற்ற நாவலும் கோட்டுக்கு இருபுறமும் நின்று ஒரே கதையாடலைப் பகிர்ந்துகொள்கின்றன. பியர் மாஷெரி ஒரு பிரதியின் மௌனத்தை வாசிக்கச் சொன்னது 1966இல். 1968இன் மௌனம் எழுதாமல் விட்ட செய்தியில் இல்லை, காரணத்தைத் தேடப் பழக்கிய இடத்தில் இருக்கிறது.

‘கடல் புறா’ இன்றும் புத்தகச் சந்தைகளில் விற்கிறது. விற்கட்டும், படிக்கவும் படிக்கட்டும். பக்கத்தில் அந்தத் தீர்ப்பையும் வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டிய புத்தகங்கள்.